ராசியான சுவெட்டர்

எலும்புக் கலங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நான் முடிவுகட்டியது முதலாவது குளிர்காலத்தில். அதற்கு முன் எங்களுக்குள் ஒரு சண்டையும் இருக்கவில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. மொன்றியலில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் முதுமாணிப் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். என் வேலை சொல்வதற்குச் சுலபம். எலியின் எலும்பிலிருந்து எடுத்த உயிருள்ள கலங்களை, அதாவது செல்களை, சின்னச் சின்னப் பிளாஸ்டிக் தட்டுகளில், இளஞ்சிவப்பு நிறச் சத்துநீர் ஊற்றி வளர்க்கவேண்டும். மூன்று கிழமை உயிரோடு கிடந்தால் அவை தட்டின் அடியில் கல்சியத்தைப் படியவைத்து எலும்பு கட்டும். கட்டிமுடித்த எலும்பின்மேல் ஒரு சாயத்தை ஊற்றிக் கழுவினால், எலும்பு இருக்கும் இடம் மட்டும் சிவப்பாக நிற்கும். ஒரு மருந்து கொடுத்த தட்டில் எவ்வளவு சிவப்பு, கொடுக்காத தட்டில் எவ்வளவு சிவப்பு என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் என் ஆய்வு முடிந்தது. பட்டம் கையில்.

புரட்டாதி மாதத்தில் பழகிப்பார்ப்பதற்காக வளர்த்த முதல் தட்டுகள் சமர்த்தாக வளர்ந்தன. பேராசிரியர் நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, உனக்கு நல்ல கை என்றார். நான் அந்தப் புகழைக் கையில் அல்ல, சுவெட்டரில் ஏற்றினேன்.

அந்தச் சுவெட்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். சாம்பல் நிறம், தடித்த கம்பளி, எனக்கு ஒரு அளவு பெரியது. பேராசிரியரை முதன்முதலாகச் சந்திக்கப் போன நாளில் அதைத்தான் போட்டிருந்தேன். இடம் கிடைத்தது. முதல் தட்டுகளை வைத்த நாளிலும் அதுதான். தட்டுகள் பிழைத்தன. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற வீடு என்றாலும் எங்கள் வீட்டில் ராசி என்பது லேசான காரியமில்லை. அகதி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட பேனையை அப்பா மை தீர்ந்தபிறகும் சட்டைப்பையில் வைத்திருந்தவர். அவருடைய மகள் நான். புதிதாகத் தட்டு வைக்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தச் சுவெட்டரோடுதான் போவது என்று தீர்மானித்தேன். கலங்கள் வளர்க்கும் அறையில் குளிர்காற்று ஓயாமல் வீசும். ஆகவே அதற்கு விஞ்ஞானக் காரணமும் இருந்தது.

கார்த்திகையில் உண்மையான ஆய்வைத் தொடங்கினேன். திங்கள் வைத்த தட்டுகள் வியாழன் காலையில் கலங்கிப்போய், இளஞ்சிவப்பு மாறி, பருப்புத் தண்ணீர் நிறத்தில் இருந்தன. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கலங்களுக்கு மேலே முட்டை வடிவத்தில் பளபளவென்று மணிகள். ஒவ்வொன்றும் பக்கத்தில் இன்னொன்றைத் துளிர்க்கவிட்டு மாலைமாலையாகக் கிடந்தது. ஈஸ்ட். சத்துநீரில் நாங்கள் கலக்கும் மருந்து பக்டீரியாவைக் கொல்லும், ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது. அது என் கலங்களின் சாப்பாட்டைத் தின்று கொழுத்துக்கொண்டிருந்தது.

தட்டுகளை வீசிவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடி போயிற்று. மார்கழி முழுக்க இதே கதைதான். தையிலும் இதே.

வீட்டில் அப்பா தினமும் நான் சப்பாத்தைக் கழற்ற முன்பே தொலைக்காட்சிக்கு முன்னாலிருந்து குரல் கொடுப்பார்.

"இருக்குதுகளோ, செத்துப்போட்டுதுகளோ?"

"போட்டுது, அப்பா."

"எல்லாமோ?"

"எல்லாம்."

பிறகு செய்தியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுவார். அது அவருடைய அனுதாபம்.

அம்மாவின் அனுதாபம் இதைவிடப் பெரியது. அவர் ஒரு கார்டெரியில், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சமையல் செய்துகொண்டிருந்தார். உலகத்தில் சாப்பாட்டால் தீராத பிரச்சினை ஒன்றும் அவருக்குத் தெரியாது. மார்கழியில் ஒருநாள் குசினியில் சமைத்துக்கொண்டே என்னிடம் அறிவித்தார்.

"நான் மாதாவுக்கு நேர்ந்திட்டன். உன்ர பிள்ளையள் எலும்பு கட்டுமட்டும் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய சனத்துக்கு அப்பம் குடுக்கிறன் எண்டு."

"ஒவ்வொரு ஞாயிறுமோ? அம்மா, அதுகள் வருசக்கணக்கா கட்டாட்டி?"

"அப்ப வருசக்கணக்கா சுடுவன். நீ உன்ர வேலையப் பார்."

அப்படித்தான் செய்தார். அதுவரை ஞாயிறுகளில் வீட்டுக்கு மட்டும் சுட்டதை இனிச் சனத்துக்கும் சேர்த்துச் சுட்டார். செயின்ட்-மிஷேலில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் சனி இரவு, நான் படுத்தபிறகு, பெரிய பானையில் மா கரைத்து வைப்பார். ஞாயிறு விடிய முன்பே எழும்பி இரண்டு சட்டியில் மாறிமாறிச் சுடுவார். நான் கண்விழிக்கும்போது அப்பங்கள் வெள்ளிக் கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் இருக்கும். என் சுவெட்டர் வழக்கம்போலக் கதிரையின் முதுகில் தொங்கும்.

கோயில் மண்டபத்தில் அப்பம் புகழ்பெற்றது. கூடவே செய்தியும் பரவியது. அம்மா என் கலங்களைப் பிள்ளைகள் என்றே சொல்லிப்பழகியதால் அது கொஞ்சம் வேறு வடிவத்தில் பரவியது. லாசாலில் இருந்து வருகிற ஒரு மாமி ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீ வேலைசெய்யிற இடத்தில குழந்தையள் ஒவ்வொரு கிழமையும் மோசம் போகுதுகளாமே? உனக்கு மனம் தாங்குதே?"

அவை குழந்தைகள் இல்லை, எலியின் எலும்புக் கலங்கள் என்று விளக்கினேன். மாமி கையை மெல்ல விட்டுவிட்டு, மற்றக் கையிலிருந்த அப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆய்வுகூடத்தில் நிலைமை இவ்வளவு வேடிக்கையாக இருக்கவில்லை. அங்கே எனக்குப் பக்கத்து மேசையில் மொரொக்கோ நாட்டுப் பெண் ஒருத்தி கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அவளும் கலங்கள் வளர்ப்பவள்தான். அதே அறை, தட்டுகளை இளஞ்சூட்டில் வைத்திருக்கும் அதே அலுமாரி, அதே சத்துநீர். அவளுடைய தட்டுகளுக்கு ஒரு தூசியும் இல்லை. ஒருநாள் முழுக்க என் பின்னால் நின்று நான் கையுறை போடுவது, மதுசாரத்தால் துடைப்பது, மூடி திறப்பது எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை என்றாள். அந்தக் கிழமையும் எல்லாம் செத்தது. அதன்பிறகு அவள் தன் ஊரில் கண்ணூறு கழிக்கத் தொங்கவிடும் சின்ன நீலக் கை ஒன்றைக் கொண்டுவந்து அலுமாரியின் கைபிடியில் கட்டினாள். இது விஞ்ஞானத்துக்கு அடுக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைக் கழற்றவில்லை.

செத்த தட்டு ஒன்றைத் தொட்டிக்குள் ஊற்றும்போது அவள் மூக்கைச் சுருக்கி, "இது பேக்கரியில் பாண் வேகிற மாதிரி மணக்கிறது" என்று பிரெஞ்சில் சொன்னாள். நானும் மோந்து பார்த்தேன். எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை.

பேராசிரியர் இந்த ஊர்க்காரர், பனியிலும் சைக்கிளில் வருகிறவர், சத்தம்போடத் தெரியாதவர். ஒரு கூட்டத்தில் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"உங்களில் யாராவது வீட்டில் பாண் சுடுகிறீர்களா? பியர் வடிக்கிறீர்களா?"

நான் சுத்தமான மனச்சாட்சியோடு, இல்லை என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில் யாரும் பாண் சுடுவதில்லை. பியர் என்ற பேச்சே இல்லை. அப்பம் என் நினைவுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்பம் என்றால் ஞாயிற்றுக்கிழமை. அது இந்தக் கேள்விக்குள் எப்படி வரும்? கடைசியில் கை உயர்த்தியது பேராசிரியர்தான். தன் வீட்டு நிலவறையில் பியர் வடிப்பதாக வெட்கத்தோடு ஒத்துக்கொண்டார். அன்றோடு பியரை நிறுத்தினார், கலம் வளர்க்கும் அறைக்குள் வருவதையும் நிறுத்தினார். பாவம், கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைப்பார்.

அப்படியும் செத்தது.

மாசி மாதத்தில் என்னை அறைக்குக் கூப்பிட்டார். யன்னலுக்குக் கீழே, பனியள்ளும் வண்டி குவித்துவிட்ட மேடு ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். எலிகளுக்கும் சத்துநீருக்கும் முடிவில்லாமல் செலவு செய்ய முடியாது. பனி கரையும்வரை பார்ப்போம். அதற்குள் ஒரு தட்டாவது சிவக்காவிட்டால் இந்த ஆய்வை நிறுத்திக்கொள்வோம். படித்த பாடங்களை வைத்து வேறு சான்றிதழ் ஒன்று எடுக்கலாம், அது ஒன்றும் அவமானம் இல்லை என்றார்.

அவமானம்தான். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. செத்த தட்டுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காலையில் அலுமாரிக் கதவைத் திறக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அது பிடித்திருந்தது. அதை விட்டுவிட்டு நான் வேறு என்ன ஆவது என்று எனக்குத் தெரியவில்லை. மெட்ரோவில் வரும்போது அழுகை வந்தது. எதிரே இருந்த மனுசி ஒரு ரிஷு கடதாசியை நீட்டினார். நான் மெர்சி சொல்லி வாங்கி மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த திங்களுக்கான திட்டத்தைப் போட்டேன். ராசியை இன்னும் கெட்டியாகப் பிடிப்பது என்பதுதான் அந்தத் திட்டம். இனித் திங்கள் மட்டுமில்லை, சத்துநீர் மாற்றும் நாட்களிலும் சுவெட்டர்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிறு. கடுங்குளிர். விடியும்போது மூக்குநுனி விறைத்து விழித்துக்கொண்டேன். கட்டடத்தின் ஹீட்டர் நின்றுபோயிருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளன எழும்புகிற சாதி இல்லை. குளிரில் படுக்கவும் முடியாமல் போர்வையோடு எழுந்து சுவெட்டரைத் தேடினேன். கதிரையில் இல்லை. அம்மா நடைபாதையில் வீட்டுக்காரனோடு தொலைபேசியில் பாதிப் பிரெஞ்சிலும் பாதிக் கோபத்திலும் கதைத்துக்கொண்டிருந்தார். குசினிக்குள் போனேன்.

செத்துப்போன ஹீட்டருக்குப் பக்கத்தில் அப்பப் பானை ஸ்டூலில் இருந்தது. அது என் சுவெட்டரைப் போட்டிருந்தது.

ஒழுங்காகப் போட்டிருந்தது. உடம்பு பானையைச் சுற்றி இறுக்கமாக, இரண்டு கைகளும் பானையின் கழுத்தில் கட்டி முடிச்சு. இரவு ஹீட்டர் நிற்பதற்கு முன் மா நன்றாகவே பொங்கியிருக்கிறது. மூடிக்குக் கீழே வழிந்து, அந்த முடிச்சில், அதாவது சுவெட்டரின் இரண்டு மணிக்கட்டுகளிலும், வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. நான் குனிந்து மோந்தேன். அப்போதுதான், வாழ்க்கையில் முதல்முறையாக, எங்கள் வீடு எதனால் மணக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அம்மா உள்ளே வந்தார்.

"என்ன பாக்கிறாய்? இந்தக் குளிருக்கு மா பொங்க வேண்டாமே? துவாய் சுத்திப் பாத்தன், போர்வை சுத்திப் பாத்தன், சரிவரேல்ல. உன்ர சுவெட்டர் ராசியானது. இதைச் சுத்தினாத்தான் பொங்குது."

"எப்ப தொடக்கம், அம்மா?"

"கார்த்திகையில ஹீட்டர் போட்ட நாள் தொடக்கம். விடிய நல்லா உதறித்தானே கதிரையில போடுறனான்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப்பார்த்து, குளிர் மூளைக்குப் போய்விட்டதோ என்று அப்பாவைக் கூப்பிட்டார். எனக்குக் கண்முன்னே எல்லாம் ஓடியது. ஆய்வுகூடத்து வெள்ளை அங்கி எனக்குக் கை கட்டை. கையுறைக்கும் அங்கிக்கும் இடையில் சுவெட்டரின் மணிக்கட்டு எப்போதும் ஒரு விரல் அகலம் எட்டிப்பார்க்கும். அந்த இரண்டு மணிக்கட்டுகளையும் திறந்த தட்டுகளுக்கு மேலே கொண்டுபோய், ஒவ்வொரு திங்களும் பக்தியோடு, ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த அம்மாவின் அப்ப மாவைத் தூவியிருக்கிறேன். தட்டு சாகச்சாக அம்மா நேர்த்திக்கு அப்பம் சுட்டிருக்கிறார். அப்பம் சுடச்சுடத் தட்டு செத்திருக்கிறது.

நிரூபிக்காமல் சொல்லக்கூடாது. மணிக்கட்டிலிருந்து ஒரு நூலை வெட்டிக் கடிதஉறைக்குள் போட்டுக்கொண்டு, பூசை முடிய நேரே ஆய்வுகூடத்துக்குப் போனேன். சுத்தமான சத்துநீர் உள்ள ஒரு தட்டில் அந்த நூலைப் போட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தட்டில் என் பருத்திக் கழுத்துத்துணியிலிருந்து ஒரு நூல். மறுநாள் காலை துணி நூல் கிடந்த தட்டு தெளிவாக இருந்தது. சுவெட்டர் நூலின் தட்டில் பழகிய மணிமாலைகள், குடும்பம் குடும்பமாக.

மொரொக்கோத் தோழி கதையைக் கேட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேராசிரியர் சிரிக்கவில்லை. இரண்டு தட்டுகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாக, "அப்படியானால் நான் திரும்பவும் பியர் வடிக்கலாமா?" என்று கேட்டார்.

அன்று மாலையே எல்லோருக்கும் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும் இழுவை நாடா வைத்த புது அங்கிகள் வந்தன. அறைக் கதவில் கம்பளி உடுப்புக்கு இடமில்லை என்று அறிவித்தல் ஒட்டினார்கள். தோழி அதற்குக் கீழே, நான் வர்ணித்தபடியே, சுவெட்டர் போட்ட ஒரு பானையின் படத்தை வரைந்துவைத்தாள். பானைக்குக் கண்ணும் சிரிப்பும்கூட இருந்தன.

வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அடுத்த திங்கள் நான் சும்மா ஒரு சட்டையோடு புறப்பட்டபோது அம்மா வாசலில் மறித்தார்.

"ராசியான சுவெட்டரை விட்டிட்டுப் போறாய்?"

"அது அப்பத்துக்கும் ராசிதானே அம்மா. அங்கயே இருக்கட்டும்."

வியாழக்கிழமை வந்தது. தட்டுகள் இளஞ்சிவப்பாகவே இருந்தன. அடுத்த வியாழனும் அப்படியே. ஆனால் வெளியே வெயில் ஏறத்தொடங்கிவிட்டது. யன்னலுக்குக் கீழேயிருந்த பனிமேடு முதலில் இடுப்பளவானது, பிறகு முழங்காலளவு. பேராசிரியரும் நானும் தற்செயலாகப் பார்ப்பதுபோல அதை அடிக்கடி பார்த்தோம். கடைசியில் கறுத்துப்போன ஒரு கட்டி மட்டும் மதில் நிழலில் மிஞ்சியிருந்த ஒரு காலையில், தட்டுகளில் சாயத்தை ஊற்றினேன். கழுவினேன். கழுவிய நீரெல்லாம் போனபிறகும் சிவப்பு நின்றது. புள்ளிபுள்ளியாக, அடர்த்தியாக, போகமாட்டேன் என்று நின்றது. தோழி நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் வெட்கமில்லாமல் எல்லோருக்கும் முன்னால் அழுதேன். அவ்வளவு சந்தோசம்.

அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கட்டிட்டுதுகளோ?" என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியை முழுதாகவே நிறுத்தினார். அம்மா தானும் வந்து பார்க்கவேண்டும் என்றார். அந்தச் சனிக்கிழமை, கோயிலுக்குக் கட்டுகிற சேலையோடு வந்தவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவில் இருந்த படத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

அம்மா அதற்கு முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார்.

"இது என்ர பானையெல்லோ?"

 அறிவித்தலில் கம்பளி உடுப்பின் படத்துக்குக் குறுக்கே கீறியிருந்த சிவப்புக் கோட்டை அவர் விரலால் தடவினார். அவர் கெட்டிக்காரி. பிரெஞ்சு வாசிக்கத் தேவைப்படவில்லை.

"அப்ப, நானோ?"

"ஓம், அம்மா."

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போனார். "நான் உள்ளுக்கு வரேல்ல. நீ போய்ப் பாத்திட்டு வா. நான் இதில நிக்கிறன்."

 ஊரெல்லாம் ஊட்டிய கைகள். அவற்றை அவர் அப்படி ஒளித்து நான் பார்த்ததில்லை. போய்த் தோளைப் பிடித்தேன்.

"வாங்கோ அம்மா. இதுகளுக்கு இனி ஆராலயும் ஒண்டும் ஆகாது. சாயம் ஊத்த முந்தியே மருந்து விட்டு இதுகளை முடிச்சாச்சு. எலும்பு மட்டும்தான் மிச்சம்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்னது? அப்ப கடைசியில நீயும் சாக்காட்டிப்போட்டாய்?"

"அப்பிடித்தான் அம்மா செய்யிறது."

"இதுக்கோ நான் முழங்காலில நிண்டனான்?" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார். வடிவாய்த்தான் கட்டியிருக்குதுகள் என்றார். கைகள் மட்டும் பின்னாலேயே இருந்தன.

திரும்பும்போது மெட்ரோவில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நேர்த்தியாலதான் செத்ததெண்டு எப்பிடி அம்மா சொல்லுறது?"

அம்மா கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். இப்போது இரண்டு கைகளும் அதன்மேல் இருந்தன.

"அண்டைக்கு ஹீட்டர் நிண்டது ஞாயிறுதானே?"

"ஓம்."

"நாங்கள் அந்த வீட்டுக்கு வந்த இவ்வளவு காலத்தில எப்பவாவது நிண்டதே?"

"இல்லை."

"ஆர் நிப்பாட்டினது எண்டு நினைக்கிறாய்? பத்து மணி மட்டும் படுக்கிற உன்னை எழுப்பிறதுக்கு மாதாவுக்கு வேற என்ன வழி?"

அதை மறுக்க வேண்டுமானால் ஹீட்டர் நிற்காத இன்னொரு ஞாயிறும், வெள்ளன எழும்புகிற இன்னொரு மகளும் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் தட்டு இருக்கவில்லை. நான் ஓம் என்றேன். அம்மா என் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். இறங்கும் இடம் வரும்வரைக்கும் விடவில்லை.